கண்ணாடிக்கடை மேஜரும் மூன்று லாரிகளும்

ஊரில் எல்லோரும் அவரை மேஜர் என்றுதான் கூப்பிட்டார்கள். பட்டாளத்தில் அவர் ஒரு நாள்கூட இருந்ததில்லை. பட்டாசுச் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடுகிற ரகம். கடைத்தெருக் கோடியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கடுகு போன்ற திருகாணியை எடுத்து, பல்குத்தும் குச்சியைவிடச் சின்ன ஸ்க்ரூடிரைவரால், மூச்சைப் பிடித்துக்கொண்டு முடுக்குகிற தொழில். ஒரு திருகாணி கீழே விழுந்துவிட்டால் கடையில் இருக்கிற வாடிக்கையாளர்கள் எல்லோரும் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். அவர் தரையில் தவழ்ந்து அதைக் கண்டுபிடித்து எழுந்த பிறகுதான் மற்றவர்கள் காலை நகர்த்தலாம்.

இப்படிப்பட்ட மனிதர் எப்படி மூன்று பட்டாளத்து லாரிகளுக்குச் சொந்தக்காரர் ஆனார் என்று கேட்டால், பைனாகுலர் வாங்கப் போனதால் ஆனார். அதில் அவர் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ராணுவம் வேண்டாமென்று கழித்த சாமான்களை ஏலம் விடுகிறார்கள் என்றும், அதில் ஒரு பெட்டி நிறையப் பழைய பைனாகுலர் இருக்கிறது என்றும் யாரோ சொன்னார்கள். லென்ஸ் நல்ல லென்ஸாக இருக்கும், கழற்றி உபயோகிக்கலாம் என்று போனார். அந்தப் பெட்டியைத் திறந்து காட்டுகிற வரைக்கும் சும்மா இருக்காமல், பக்கத்தில் நின்ற லாரியில் ஏறி உட்கார்ந்து பார்த்தார். அங்கேதான் வினை.

ஏறினார் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். சக்கரத்தில் ஒரு கால், படியில் ஒரு கால், கதவைப் பிடித்துத் தொங்கி ஒரு உந்து உந்தித்தான் மேலே போக முடியும். போய் உட்கார்ந்ததும் அவருக்கு உலகம் வேறு மாதிரி தெரிந்தது. நாள் முழுக்க அடுத்தவர் மூக்குக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு வேலை செய்கிறவர் அல்லவா, இவ்வளவு தூரத்தில் எதையும் பார்த்துப் பழக்கமில்லை. ஸ்டியரிங் ஒரு பெரிய அண்டாவின் விளிம்பு போல இருந்தது. சாவி போடும் ஓட்டையைத் தேடினார். இல்லை. பட்டாளத்து லாரிக்குச் சாவியே கிடையாது, ஒரு சுவிட்சைத் திருப்பினால் போதும், போர் நடக்கிற இடத்தில் சாவியைத் தொலைத்துவிட்டு யாரும் தேடிக்கொண்டிருக்க முடியாது என்று அங்கிருந்தவன் சொன்னான். வாழ்நாளெல்லாம் கடைச் சாவியைத் தொலைத்துவிட்டு மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்த மனிதருக்கு இதைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது.

ஏலத்தில் கையைத் தூக்கினார். வேறு யாரும் தூக்கவில்லை. ஏன் தூக்கவில்லை என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். அந்த ஏலத்தில் சாமானை ஒவ்வொன்றாக விற்பதில்லை, வரிசை வரிசையாக விற்பார்கள். வரிசையில் முதலில் நிற்கிற சாமான் மேல் சுண்ணாம்பால் எண் எழுதியிருக்கும். எண் எழுதிய லாரியைத்தான் வாங்கினோம் என்று மேஜர் நினைத்துக்கொண்டிருக்க, அதன் பின்னால் நின்ற இரண்டும் அதே வரிசை என்று சொல்லிவிட்டார்கள். வேண்டாமென்று சொல்ல அங்கே வழியில்லை. பைனாகுலர் பெட்டி வேறு யாருக்கோ போய்விட்டது.

வீட்டில் அவர் மனைவி. பெண்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று அவர் ஒரு அதட்டல் போட்டால் அந்தக் கோடியில் ஓடுகிற பெண்ணுக்கு ஷூ லேஸ் தானாகக் கட்டிக்கொள்ளும் என்பார்கள். அன்றைக்கு வாசலில் நின்று, சந்துக்குள் ஒன்றன் பின் ஒன்றாக நுழைந்து வருகிற மூன்று லாரிகளையும் பார்த்தார்.

"ஏங்க, பைனாகுலர் வாங்கப் போறேன்னுதானே சொன்னீங்க?"

"ஆமா. அது கிடைக்கல."

"அதனால?"

மேஜர் லாரிகளை எண்ணுவதுபோல் திரும்பிப் பார்த்தார்.

வீடு ஒரு முட்டுச்சந்தின் கடைசியில் இருந்தது. பக்கவாட்டில் மாமனார் விட்டுப்போன காலி மனை. இடத்துக்குப் பஞ்சமில்லை, போகிற வழிக்குத்தான் பஞ்சம். சந்தின் அகலத்துக்கும் லாரியின் அகலத்துக்கும் நடுவில் இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் ஒரு சாண். அதிலும் எதிர்வீட்டு வக்கீலின் மழைநீர்க் குழாய் அரைச் சாணைச் சாப்பிட்டுவிட்டது. உள்ளே போவது முன்பக்கமாகப் போய்விடலாம். வெளியே வருவதென்றால் சந்து முழுக்கப் பின்பக்கமாகவே வர வேண்டும்.

லாரிகளைக் கொண்டுவந்து விட்டவர்களில் கடைசியாகக் கிளம்பியவர் ஒரு வயதான பட்டாளத்து டிரைவர். அவர் சாயங்காலம் புறப்படுவதற்கு முன்னால் ஒரு விஷயத்தை மட்டும் கண்டிப்பாகச் சொன்னார்.

"சார், இந்த வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போது கீழே ஒரு ஆள் நிக்கணும். கண்ணாடில அவங்க உங்களுக்குத் தெரியணும். அவங்க காட்டற கைதான் சட்டம். ஜெனரலே வந்து பக்கத்துல உக்காந்து உத்தரவு போட்டாலும் கேக்கக் கூடாது, கீழ நிக்கறவங்க பேச்சைத்தான் கேக்கணும். கண்ணாடில அவங்க தெரியலைன்னா அந்த நிமிஷமே வண்டி நின்னுடணும்."

"சரி. யார் நிக்கறது?" என்றார் மேஜர்.

டிரைவர் சுற்றுமுற்றும் பார்த்தார். வேறு யாருமில்லை. டீச்சரைப் பார்த்து, "அம்மா, கொஞ்சம் இப்படி வாங்க" என்றார். உள்ளங்கையைத் தன் பக்கம் திருப்பி ஆட்டினால் பின்னால் வா. கையை நீட்டினால் ஸ்டியரிங்கை அந்தப் பக்கம் ஒடி. இரண்டு உள்ளங்கையையும் எதிரெதிரே பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுக்கினால் அவ்வளவுதான் இடம் இருக்கிறது. இரண்டு கையையும் தூக்கிக் காட்டினால் நில். கழுத்துக்குக் குறுக்கே கையை இழுத்தால் என்ஜினை அணை. விளையாட்டு டீச்சருக்கு இதெல்லாம் பெரிய வித்தையா? ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். லாரி மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும், ஒரு காரியத்தை அரைகுறையாகச் செய்ய அவருக்கு வராது. அங்கேதான் அவர் மாட்டிக்கொண்டார்.

பட்டாளத்து லாரியைச் சும்மா நிறுத்தி வைக்க முடியாது. வாரம் ஒரு தடவையாவது கிளப்ப வேண்டும், கொஞ்ச தூரம் ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் பிரேக்குக்கான காற்று இறங்கி, டயர் நின்ற இடத்திலேயே சப்பையாகி, ரப்பரெல்லாம் வெடித்துப் போகும். மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதால் கடைசி லாரியைக் கிளப்ப முதல் இரண்டும் வெளியே போயாக வேண்டும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்தச் சந்துக்கு லாரிக்கிழமை. காலையில் மேஜர் ஒவ்வொன்றாகக் கிளப்பி, காற்றுமானியில் முள் ஏறுகிற வரைக்கும் உறும விடுவார். சந்து முழுக்கப் புகை. அந்த என்ஜின் எதைக் குடித்தாலும் ஓடும் என்று கேள்விப்பட்டு, ஹோட்டல்களில் பொரித்து மீந்த எண்ணெயை வாங்கி வடிகட்டி ஊற்றினார். அதிலிருந்து புகைக்குப் பதில் பொரியல் வாசனை வர ஆரம்பித்தது. சந்தில் எல்லோருக்கும் அகாலத்தில் பசித்தது. பூனைகள் லாரியின் பின்னால் வரிசையாக நடந்தன. உடம்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் உத்தரவு போட்டிருந்த வக்கீல், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தன்னால் முடியவில்லை என்று மேஜரிடம் வந்து மனமுருகிக் கேட்டுக்கொண்டார்.

உபயோகம் என்ன என்று கேட்கிறவர்களுக்கு மேஜர் சளைக்காமல் பதில் சொன்னார். நகராட்சிக் குப்பை லாரி ஒரு தடவை சேற்றில் புதைந்தபோது மூத்தவள்தான் இழுத்தாள். லாரிகளை அவர் மூத்தவள், நடுவுள்ளவள், கடைக்குட்டி என்று அழைத்துவந்தார். டீச்சர் மூன்றையும் சேர்த்துச் சக்களத்திகள் என்றார். குப்பை லாரியின் முன்பாதி வெளியே வந்துவிட்டது, பின்பாதி இன்னும் அங்கேதான் இருக்கிறது என்பதை மேஜர் சொல்லமாட்டார். நடக்க முடியாத ஒரு பெரியவருக்கு வீட்டுக்கே போய்க் கண்ணாடி கொடுக்க வேண்டியிருந்தபோது, ஒரு ஜோடி கண்ணாடியை முன்ஸீட்டில் வைத்து லாரியில் கொண்டுபோனார். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டதும் முதலில் ஜன்னல் வழியே லாரியைப் பார்த்துவிட்டு, இது சரியான பவர் இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஆனால் இந்தக் கூத்துக்கெல்லாம் நடுவில் ஒரு ஆச்சரியம் நடந்துகொண்டிருந்தது. வீட்டுக்குள் டீச்சர் சொல்கிற எதுவும் மேஜரின் காதில் ஏறாது. தண்ணீர் மோட்டாரை நிறுத்தச் சொன்னால் தொட்டி வழிந்த பிறகு நிறுத்துவார். மகளுக்குப் போன் செய்யச் சொன்னால் "ம்" என்பார், அந்த "ம்" ஒரு வாரம் ஓடும். அதே மனிதர் லாரியில் ஏறி உட்கார்ந்துவிட்டால், கண்ணாடியில் தெரிகிற மனைவியை இமைகொட்டாமல் பார்ப்பார். அவர் சுண்டுவிரலை அசைத்தால் பெரிய லாரி சுண்டுவிரல் அளவுக்கு அசையும். நில் என்றால் நின்றது. டீச்சருக்கு அது பிடித்திருந்தது என்று சொன்னால் அடிக்க வருவார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒரு நல்ல புடவையைத் தனியாக வைத்திருந்தார். அது வக்கீல் மனைவிக்குத் தெரியும்.

பத்துப் பதினோரு வருஷம் இப்படி ஓடியது. மகள் கல்யாணமாகி வேறு ஊர் போனாள். டீச்சரும் ஓய்வு பெறுகிற நாள் வந்தது.

பள்ளிக்கூடத்தில் பிரிவுபசார விழா. டீச்சர் மேடையில், தலைமையாசிரியை மைக்கில். மேஜர் சீக்கிரமே வந்து முன்வரிசையில் உட்காருவதாக ஏற்பாடு. அவர் மூத்தவளில் வந்தார். வழியில் எண்ணெய் வடிகட்டியில் அடைப்பு, தாமதமாகிவிட்டது. பள்ளிக்கூடத்து வாசலில் திரும்பும்போதுதான், மேலே வளைவாகப் பள்ளியின் பெயர் எழுதிய பலகை இருப்பதைப் பார்த்தார். லாரி மேல் கட்டிய துணிக்கூடாரம் அதற்கடியில் போகாது. பின்னால் எடுக்க வேண்டும். பின்னால் ஒரு பஸ் வந்து நின்றுவிட்டது.

வேறு யாராக இருந்தாலும் கண்ணாடியைப் பார்த்துப் பின்னால் எடுத்திருப்பார்கள். பஸ் கண்டக்டர் இறங்கி வந்து, "நான் பார்த்துச் சொல்றேன் சார், வாங்க வாங்க" என்றுகூடக் கூப்பிட்டார். மேஜர் மாட்டேன் என்றார்.

"உங்களுக்குக் கை காட்டத் தெரியாது. எனக்கு எங்க வீட்டுல வந்து காட்டணும்."

"வீட்டுல எங்க இருக்காங்க?"

"உள்ள. மேடை மேல."

சொல்லிவிட்டு ஹாரனை அழுத்தினார். பட்டாளத்து ஹாரன். அந்தச் சமயம் தலைமையாசிரியை, இவரைப் போல் ஒரு கட்டுப்பாடான பெண்மணியை நான் பார்த்ததில்லை என்று ஆரம்பித்திருந்தார். ஹாரன். மறுபடி ஆரம்பித்தார். மறுபடி ஹாரன். எல்லோரும் வாசல் பக்கம் திரும்பினார்கள். டீச்சருக்கு அந்தச் சத்தம் தெரியாதா? முகம் சிவந்து, கையில் கொடுத்த பூங்கொத்தோடு மேடையை விட்டு இறங்கி, மைதானத்தின் குறுக்கே நடந்தார். பூங்கொத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் அதை வைத்துக்கொண்டே கை காட்டினார். பின்னால் வா. இடது ஒடி. நில். ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு பூ உதிர்ந்தது. மாணவிகள் பெஞ்சின் மேல் ஏறி நின்று பார்த்தார்கள். லாரி ஒரு கீறல் இல்லாமல் ரோட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் பள்ளிக்கூடமே கைதட்டியது. அத்தனை வருஷ வேலைக்கு அவருக்குக் கிடைத்த கைதட்டல் அது ஒன்றுதான். திரும்பி மேடைக்குப் போனபோது நேரமாகிவிட்டதென்று கூட்டத்தை முடித்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து டீச்சர் பேசியது கொஞ்சம்தான்.

"இந்த மாசக் கடைசிக்குள்ள லாரி மூணும் இங்கேருந்து போகணும். போகலைன்னா நான் எங்க அக்கா வீட்டுக்குப் போறேன். போனா திரும்பி வரமாட்டேன்."

அதன் பிறகு வாயைத் திறக்கவில்லை. கூடத்தில் ஒரு பெட்டி தயாராக வந்து உட்கார்ந்தது. மைதானத்தையே அடக்குகிற குரல் வீட்டில் இல்லாமல் போனதும், கடிகாரம் இவ்வளவு சத்தமாகவா ஓடுகிறது என்று மேஜர் முதல் தடவையாகக் கவனித்தார். ஆனாலும் ஒரு வீட்டில் இரண்டு பேர் இருந்தால் ஏதாவது சொல்லித்தானே ஆக வேண்டும்? பேச்சு நின்றதே தவிர கை நிற்கவில்லை. சாப்பிடும்போது மேஜர் தட்டுக்கு மேல் இரண்டு உள்ளங்கையையும் குறுக்கிக் காட்டினால் இவ்வளவு போதும் என்று அர்த்தம். டீச்சர் கழுத்துக்குக் குறுக்கே கையை இழுத்தால் டிவியை அணைக்க வேண்டும். மேஜர் உடனே அணைத்தார். வாயால் சொன்னபோது இவ்வளவு வேகமாக அணைத்ததே இல்லை.

சமாதானம் பேச டீச்சரின் தம்பி வந்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை, பேச்சாலேயே ஊரை வளைப்பவர். அவர் உள்ளே நுழைந்தபோது, துடைத்த ஈரத் தரையில் மேஜர் பின்பக்கமாக நடந்து வந்துகொண்டிருந்தார். நாற்காலிக்குப் பின்னால் அக்கா நின்று கை காட்டிக்கொண்டிருந்தார். பின்னால், பின்னால், கொஞ்சம் வலது, நில். மேஜர் உட்கார்ந்தார்.

தம்பி செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார். "மாமா, நீங்க ரெண்டு பேரும் நல்லாத்தான இருக்கீங்க? அக்கா போன்ல அழுதுச்சே."

"பேச மாட்டேங்கறா மாப்ள."

"இதைவிட என்ன பேசணும்?"

"அதில்ல. லாரி போகலைன்னா இவ போயிடுவா." இதைச் சொல்லும்போது மேஜரின் குரல் உடைந்தது. கேலி செய்ய வாயைத் திறந்த தம்பி மூடிக்கொண்டார்.

இருவரும் சேர்ந்து ஆள் தேடினார்கள். கிணறு தோண்டுகிறவர் வந்து பார்த்தார், லாரி எவ்வளவு எண்ணெய் குடிக்கும் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். சினிமாக்காரர் ஒருவர் வந்து, படத்தில் மூன்றையும் வெடிக்க வைப்போம், மிச்சத்தைத் திருப்பித் தந்துவிடுவோம் என்றார். கடைசியில் பழைய இரும்புக் கடைக்காரர்தான் அகப்பட்டார். அவர் சந்தின் அகலத்தைப் பார்த்துவிட்டு, "எதுக்குங்க வெளிய எடுக்கற சிரமம்? கேஸ் கட்டர் கொண்டாந்து இங்கயே வெட்டிடலாம்" என்றார். வெட்டிடலாம் என்றதும் மேஜர் தன் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"என் வீட்டுல வச்சு வெட்டக் கூடாது. அதுங்க தன் கால்ல நடந்து போகட்டும்."

மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே இரும்புக் கடைக்காரர் தன் டிரைவர்களோடு சந்து முனையில் வந்து நின்றார். கடைக்குட்டியை முதலில் எடுத்தார்கள். டீச்சர் வழக்கம்போல் பின்னால் நின்று கை காட்டினார், மேஜர் கண்ணாடியைப் பார்த்து எடுத்தார். ரோட்டில் விட்டதும் கடைக்காரரின் ஆள் ஏறி ஓட்டிக்கொண்டு போனான். அடுத்தது நடுவுள்ளவள். அதுவும் போனது. பூனைகள் பாதி அதன் பின்னால் போய்விட்டன.

மூத்தவள் மட்டும் மிச்சம். மேஜர் ஏறி உட்கார்ந்தார். காற்றுமானி முள் ஏறட்டும் என்று காத்திருந்தார். ஏறியது. இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று காத்திருந்தார். அதற்கு மேல் ஏற இடமில்லை. கியரைப் போட்டார். கண்ணாடியில் டீச்சரின் கை, பின்னால் வா, பின்னால் வா. லாரி மெல்ல நகர்ந்தது. வக்கீலின் மழைநீர்க் குழாயைத் தாண்டியது. நடுச்சந்துக்கு வந்ததும் கண்ணாடியில் சுவர் தெரிந்தது, ஒரு பூனை தெரிந்தது. டீச்சர் தெரியவில்லை.

மேஜர் பிரேக்கை மிதித்தார். வலது கண்ணாடியைப் பார்த்தார். இடது கண்ணாடியைப் பார்த்தார். இல்லை.

காத்திருந்தார். கடைக்காரர் சந்து முனையிலிருந்து கத்தினார். "வாங்க சார், ஃப்ரீயாத்தான் இருக்கு! நான் பார்த்துக்கறேன்!" மேஜர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வக்கீல் வெளியே போகக் கதவைத் திறந்தார், வாசலில் லாரியின் கதவு நின்றது. கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு லாரியின் இடது பக்கக் கதவைத் தன் வாசலுக்குள்ளேயே திறந்து ஏறி, மேஜரின் மடியைத் தாண்டி, அந்தக் கதவைத் திறந்து இறங்கினார். இறங்கின பக்கத்திலும் சுவர்தான் இருந்தது என்பதால் மறுபடி அதே வழியாகத் திரும்பி வந்து வீட்டுக்குள் போய்விட்டார். தம்பி லாரியின் முன்பக்கம் வந்து நின்று கெஞ்சினார்.

"மாமா, இறங்கிப் போய் உள்ள பாருங்களேன். நான் வேணா பார்த்துட்டு வரட்டுமா?"

"வேண்டாம். நீ போகாதே."

அவர் இறங்காததற்குப் பட்டாளத்துச் சட்டம் காரணமில்லை. அதை அவர் தனக்கே அப்போதுதான் ஒப்புக்கொண்டார். இறங்கிப் போய்ப் பார்த்து, கூடத்தில் அந்தப் பெட்டி இல்லை என்றால்? லாரிக்குள் இருக்கிற வரைக்கும் அவள் வீட்டில்தான் இருக்கிறாள். இறங்கிவிட்டால் போய்விட்டாள். இரண்டு லாரி போன பிறகும் போகிறாள் என்றால் லாரி ஒரு சாக்குதான், கோபமெல்லாம் தன் மேல்தான். ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண் கண்ணாடியை விட்டு நகரவில்லை. மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது, துடைக்கக் கழற்றினால் அந்த நேரத்தில் அவள் வந்துவிட்டால் என்ன செய்வதென்று துடைக்கவுமில்லை.

ரொம்ப நேரம் கழித்து இடது பக்கக் கதவு திறந்தது. வக்கீல்தான் மறுபடி வருகிறார் என்று மேஜர் காலை ஒதுக்கினார். வக்கீல் வீட்டு வாசல் வழியாக ஏறியது டீச்சர். தலை வாரி, முகம் கழுவி, நல்ல புடவை மாற்றி, காலில் வெளியே போகிற செருப்பு. கையில் பெட்டி இல்லை, ஒரு கைப்பை மட்டும். உந்தி ஏறின வேகத்தில் மூச்சு வாங்க, ஸீட்டில் உட்கார்ந்து புடவையைச் சரிசெய்துகொண்டார்.

மேஜர் அவரைப் பார்த்தார். பக்கத்து ஸீட்டில் அவரைப் பார்ப்பது வித்தியாசமாக இருந்தது. என்ன வித்தியாசம் என்று யோசிக்கும்போதே டீச்சர் வாயைத் திறந்தார். நாள் கணக்கில் அடைத்து வைத்த குரல், கொஞ்சம் கரகரத்து வந்தது.

"இத்தனை வருஷத்துல நான் இதுல ஏறினதே இல்ல. தெரியுமா உங்களுக்கு?"

மேஜருக்குத் தெரியவில்லை. நினைத்துப் பார்த்தார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவள் கை காட்டுவாள், லாரி வெளியே வரும், இவர் ஊரைச் சுற்றப் போவார், அவள் கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போவாள். திரும்பி வரும்போது மறுபடி வந்து நிற்பாள். ஏறு என்று இவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. யார் யாரோ ஏறினார்கள். வக்கீலே இன்றைக்கு இரண்டு தடவை ஏறியிறங்கிவிட்டார்.

"நீ கேக்கவே இல்லையே" என்றார், சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கேவலமான பதில் என்று அவருக்குப் புரிந்தது.

"வெட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை உக்காந்து போகணும்னு தோணிச்சு. புடவை மாத்தப் போனேன். எடுங்க."

மேஜர் கியரில் கை வைத்தார். கண்ணாடியைப் பார்த்தார். கையை எடுத்துவிட்டார்.

"எடுங்கன்னு சொல்றேன்ல."

"எப்படி எடுக்கறது? நீ இங்க உக்காந்துட்டா கீழ யாரு நிக்கறது?"

டீச்சர் அவரை ஒரு பார்வை பார்த்தார். முதலில் அடிக்கத்தான் கை ஓங்கினார். பாதியில் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார், அதே சிரிப்பில் கொஞ்சம் அழுதார். மேஜரும் எதற்கென்று தெரியாமல் கூடச் சேர்ந்துகொண்டார். கீழே நின்ற தம்பிக்கு மேலே என்ன நடக்கிறதென்று தலைகால் புரியவில்லை.

"அப்ப முன்னாடி போங்க" என்றார் டீச்சர்.

முன்னால் என்றால் வீடுதான். தம்பி சுவரோடு ஒட்டிக்கொள்ள, மூத்தவள் முதல் கியரில் நடுச்சந்திலிருந்து புறப்பட்டு, வந்த வழியே ஊர்ந்து போனாள். இரும்புக் கடைக்காரர் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடி வந்தார். டீச்சர் ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு, வக்கீல் வீட்டு மாடியில் காய்கிற துணியைப் பார்த்தார், தன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இல்லாததைப் பார்த்தார், பார்த்ததையெல்லாம் மேஜரிடம் சொல்லிக்கொண்டே வந்தார். அடைத்து வைத்திருந்ததெல்லாம் கொட்டியது. தொட்டி, மகள், பள்ளிக்கூடம், பூங்கொத்து. என்ஜின் இரைச்சலில் மேஜருக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார்.

மனைக்குள் போய் நின்றதும் டீச்சர் ஏதோ கேட்டார். மேஜர் தலையை ஆட்டினார். டீச்சர் பேச்சை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார். மேஜர் சுவிட்சைத் திருப்பி என்ஜினை அணைத்தார்.

"எனக்கு எதுவும் கேக்கல" என்றார். "முதல்லேருந்து சொல்லு."

"எல்லாத்தையும் இப்பச் சொல்ல முடியாது. கடைசியாச் சொன்னதைச் சொல்றேன். இந்த ஒண்ணை அந்த ஆளுக்குக் குடுக்க வேண்டாம். ஆனா இனிமே நான் ஓட்டறேன். நீங்க கீழ நில்லுங்க."

"உனக்கு லாரி ஓட்டத் தெரியாதே!"

"கை காட்ட மட்டும் தெரிஞ்சுகிட்டா வந்தேன்? இறங்குங்க."

மேஜர் இறங்கினார். டீச்சர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர் இடத்துக்கு நகர்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். மேஜர் லாரியின் பின்னால் போய் நின்றார். இரும்புக் கடைக்காரரும் தம்பியும் கேட் அருகே வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். மேஜருக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. தூக்கினார், இறக்கினார், பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே டீச்சரின் தலை நீண்டது. கண்ணாடியில் அவரைத் தேடுகிறார் என்று தெரிந்தது.

"எங்கங்க இருக்கீங்க? தெரியல. இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க!"

மேஜர் ஓடிப்போய்த் தள்ளி நின்றார்.